பழகிய உடலுக்குப் புதிய வேலை: பயிற்சியை மாற்றும் முறையும் பயிற்சிக்குப் பின் உண்ணும் முறையும்

குமரி மாவட்டத்தில் திருவட்டாற்றை அடுத்த மாத்தூரில், பறளியாற்றின் குறுக்கே 1966ஆம் ஆண்டு கட்டப்பட்ட தொட்டிப் பாலம் 115 அடி உயரமுடையது. ஆற்றங்கரையிலிருந்து பாலத்தின் மேல்மட்டத்துக்கு ஏறிச் செல்ல நீண்ட படிக்கட்டு உண்டு. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊரைச் சேர்ந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் தம் குடும்பத்துடன் அந்தப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது நானும் உடன் இருந்தேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 மரங்களின் அடிமூட்டில் குனிந்து நிமிர்பவர் அவர். ஆனால் படிக்கட்டின் பாதிக்குள் மூன்று இடங்களில் நின்றுவிட்டார். கைப்பிடியைப் பிடித்தபடி அவர் என்னிடம் கேட்டது இதுதான்: “தெனமும் மலஞ்சரிவுலதான நடக்கேன், பின்ன எதுக்கு இப்படி மூச்சு வாங்குது மக்கா?”

உடற்பயிற்சியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். எங்கள் ஊர் மன்றத்தின் சிறிய பயிற்சிக் கூடத்தில் மாலை நேரங்களில் இளைஞர்களுக்கும் நடுவயதினருக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில், அந்தப் பால்வெட்டு அண்ணனுக்கு அன்று படியில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாக எழுத முயல்கிறேன்.

உடல் தன்னிடம் அடிக்கடி கேட்கப்படும் வேலையை மட்டுமே கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொண்டபின் அதைக் குறைந்த செலவில் செய்து முடிக்கப் பழகிவிடுகிறது. அண்ணனுடைய உடல் குனிவதையும், சரிவில் நிதானமாக நடப்பதையும், கத்தியைப் பட்டையின் மேல் ஒரே கோணத்தில் இழுப்பதையும் மிக நன்றாகக் கற்றிருக்கிறது. அந்த வேலைக்கு எவ்வளவு மூச்சு, எவ்வளவு தசை வலு, எவ்வளவு இதயத் துடிப்பு தேவையோ அந்த அளவோடு அது நின்றுவிட்டது. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையில் சிறு ஓய்வு கிடைத்துவிடுவதால், இடைவிடாமல் தன் முழு எடையையும் மேல்நோக்கித் தூக்கிச் செல்லும் வேலை அந்த உடலிடம் கேட்கப்பட்டதே இல்லை. ஆகவே, கடின உழைப்பாளியாக இருந்தும் அவருக்குப் படியேறுவது புதிய வேலையாகவே இருந்தது. அதே காரணத்தால்தான், மூன்று ஆண்டுகளாக ஒரே பாதையில் ஒரே வேகத்தில் காலை நடை செல்பவர் முதல் மூன்று மாதத்தில் கண்ட மாற்றத்தைப் பிறகு காண்பதில்லை. அவர் நடப்பது வீணாகவில்லை, அது அவரை ஏற்கெனவே எட்டிய நிலையிலேயே நிலைநிறுத்துகிறது. மேலே கொண்டு செல்வதில்லை, அவ்வளவுதான்.

உடல் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதையும் சற்று விளக்க வேண்டும். புதிதாகத் தண்டால் எடுக்கத் தொடங்கும் ஒருவர் முதல் வாரம் 5 எடுத்து, மூன்றாம் வாரம் 12 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் அவருடைய மார்புத் தசை பெரிதாக வளர்ந்திருக்காது. மூளையும் நரம்புகளும் தசை நார்களை ஒருங்கே இயக்கக் கற்றுக்கொண்டதால் வந்த முன்னேற்றம் அது. தசை நார்கள் கண்ணுக்குத் தெரியும்படி தடிப்பதற்குப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத் தொடர் பயிற்சி தேவைப்படும். இந்த வரிசையை அறியாதவர்கள் இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள். வேகமாக எண்ணிக்கை கூடும் முதல் மாதத்தைப் பார்த்து எப்போதும் இப்படியே கூடும் என்று நம்புவது ஒன்று. அந்த வேகம் தணிந்தவுடன் பயிற்சியே சரியில்லை என்று எல்லாவற்றையும் தூக்கியெறிந்து வேறொன்றைத் தொடங்குவது மற்றொன்று. இரண்டாவது தவறே அதிகச் சேதம் செய்கிறது. தசை வளரத் தொடங்கும் காலத்தில் பயிற்சியையே மாற்றிவிடுகிறார்கள்.

ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர் 1936ஆம் ஆண்டில், உயிரினம் எந்தக் கடும் நெருக்கடிக்கு ஆளானாலும் முதலில் அதிர்ந்து, பிறகு தாக்குப்பிடித்து, நெருக்கடி விலகாமல் நீடித்தால் இறுதியில் சோர்ந்துபோகிறது என்று எலிகளை வைத்து விளக்கினார். பயிற்சியாளர்கள் பின்னாளில் இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி என்பது அளவறிந்து கொடுக்கப்படும் நெருக்கடி. அது மிகக் குறைந்தால் உடல் எதையும் கற்காது, ஓய்வின்றி மிகுந்தால் தேய்ந்துபோகும். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், முழங்கால் தசை மெலிந்துபோனவர்களுக்குச் சிறு எடையில் தொடங்கிப் படிப்படியாக எடையைக் கூட்டும் முறையை வகுத்து 1945இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் பயிற்சிக் கூடங்களில் பத்துப் பத்தாக எண்ணித் தூக்கும் பழக்கத்தின் பின்னணியில் அவர் வகுத்த முறைக்குப் பெரும் பங்கு உண்டு.

எதை மாற்றுவது, எப்போது மாற்றுவது

மாற்றம் என்றதும் பலருக்கும் புதிய புதிய பயிற்சிகளே நினைவுக்கு வருகின்றன. கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்து இன்று ஒன்று, நாளை வேறொன்று என்று செய்வதைப் பல்வகைப் பயிற்சி என்று எண்ணிக்கொள்கிறார்கள். தசையை நாள்தோறும் குழப்பினால் அது வளரும் என்ற பேச்சும் கூடங்களில் உலவுகிறது. நான் இதை ஏற்பதில்லை. தசைக்குக் குழப்பம் தேவையில்லை, சற்றே கூடுதலான வேலை தேவை. நாள்தோறும் பயிற்சியையே மாற்றுபவருக்குச் சென்ற வாரத்தைவிட இந்த வாரம் கூடுதலாகச் செய்தோமா என்று அளந்து பார்க்கவே வழியில்லாமல் போகிறது. பழக்கமில்லாத அசைவு ஒவ்வொரு முறையும் தசைவலியைத் தருவதால், வலியையே பயன் என்று தவறாக நம்பவும் நேர்கிறது. பயிற்சி செய்த மறுநாள் தொடங்கி மூன்று நாள் வரை நீடிக்கும் அந்த வலி, உடல் அந்த அசைவுக்குப் புதிது என்பதற்கு மட்டுமே அடையாளம். அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் வலி வெகுவாகக் குறைந்துவிடும், பயன் குறைவதில்லை.

ஒரே பயிற்சிக்குள்ளேயே மாற்றத்துக்கு இடம் இருக்கிறது. உட்கார்ந்து எழும் பஸ்கியை எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கையை 10இலிருந்து 12ஆகக் கூட்டலாம். அதே 10ஐ, இறங்கும்போது மனத்துக்குள் நான்கு எண்ணியபடி மெதுவாகச் செய்யலாம். மார்போடு 5 கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு செய்யலாம். சுற்றுகளுக்கு இடையே 2 நிமிடமாக இருந்த ஓய்வை 1 நிமிடமாகக் குறைக்கலாம். ஒரு காலை முன்வைத்து மறுகாலைப் பின்வைத்து, எடையை ஒரு காலுக்கு மாற்றலாம். இவை ஐந்தும் உடலுக்கு வெவ்வேறு புதிய கேள்விகள். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை என் மாணவர்களிடம் நான் பிடிவாதமாக வலியுறுத்துவேன். எண்ணிக்கை, எடை, வேகம் மூன்றையும் ஒரே நாளில் கூட்டியவருக்கு முழங்கால் வலித்தால், எது காரணம் என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

இதை நான் பட்டே அறிந்தேன். இருபத்தைந்து வயதில், குழித்துறையை ஒட்டிய தார்ச்சாலையில் ஒவ்வொரு நாளும் ஒரே 5 கிலோமீட்டரை ஓடிக்கொண்டிருந்தேன். ஓராண்டு கழித்து வேகம் கூடவில்லை என்ற ஆற்றாமையில், ஒரே வாரத்தில் தூரத்தை 10 கிலோமீட்டராக்கி, காலணியையும் மாற்றி, மேட்டுப்பாதையையும் சேர்த்துக்கொண்டேன். பதினைந்தாம் நாள் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையே முன்னெலும்பின் ஓரமாக ஊசி குத்துவதுபோல் வலி தொடங்கியது. விரலால் அழுத்தினால் துடிக்கும் அளவுக்கு அது வளர்ந்து, இரண்டு மாதம் ஓட்டத்தை முற்றிலும் நிறுத்த வைத்தது. ஓராண்டு ஒரே வேலையையே கொடுத்தது முதல் பிழை. அதைத் திருத்தப் போய் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றியது அதைவிடப் பெரிய பிழை.

தொடங்குபவருக்கு நான் வகுத்துத் தருவது பன்னிரண்டு வாரத் திட்டம். உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் எல்லாப் பெருந்தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சியும் மேற்கொள்ள வேண்டும் என்று கூறியிருப்பதை அடிப்படையாகக் கொண்டே இதை அமைத்தேன். மிதமானது என்பதற்கு எளிய சோதனை உண்டு: நடக்கும்போது உடன் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

முதல் நான்கு வாரம் பஸ்கி, சுவரிலோ திண்ணையிலோ கையூன்றி எடுக்கும் தண்டால், துண்டைக் கம்பத்தில் சுற்றி உடலை இழுப்பது, இரு கையிலும் தண்ணீர் வாளியைத் தூக்கி நடப்பது ஆகிய நான்கையும் வாரம் மூன்று நாள், ஒவ்வொன்றையும் 8 முதல் 12 வரை எண்ணி மூன்று சுற்று செய்தால் போதும். இடையில் இரண்டு நாள் அரை மணி நேர விரைவு நடை. இந்தக் காலத்தில் பயிற்சிகளை மாற்றவே கூடாது. நரம்புகள் கற்கும் காலம் இது. ஐந்தாம் வாரம் முதல், மூன்று சுற்றிலும் 12ஐத் தடுமாறாமல் எட்டியவர்கள் சிறிது எடையைச் சேர்த்து எண்ணிக்கையை 8க்கு இறக்கி மீண்டும் 12ஐ நோக்கிச் செல்லலாம். நடையில் ஒரு நாளைச் சமதரையிலிருந்து சரிவுக்கு மாற்றலாம். ஒன்பதாம் வாரத்தில்தான் பயிற்சியின் வகையை மாற்றுவேன்: திண்ணைத் தண்டால் தரைத் தண்டாலாகும், பஸ்கி ஒற்றைக்காலுக்கு நகரும், ஒரு நாள் நடை படியேற்றமாகவோ மிதிவண்டியாகவோ குளத்து நீச்சலாகவோ மாறும். பன்னிரண்டாம் வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். இந்தப் பாதி வாரத்தைச் சோம்பல் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். பதினொரு வாரம் கொடுத்த வேலையை உடல் முழுமையாகச் சேர்த்துக்கொள்வது இந்த ஓய்வில்தான்.

இப்படிக் காலத்தைப் பகுத்து உழைப்பதும் ஓய்வதும் இந்தப் பகுதிக்குப் புதிதன்று. களரி எனும் தற்காப்புக் கலையில் கடும் மெய்ப்பயிற்சிக்கும், எண்ணெய் தேய்த்து உடலை நீவும் உழிச்சலுக்கும் மழைக்காலத்தை ஒதுக்கிவைப்பது வழக்கம். வடக்கன் களரியில் மெய்யை வசப்படுத்திய பிறகே கோலும், கோல் கைவந்த பிறகே இரும்பாயுதமும் கையில் தரப்படும். கற்கடகம் எனும் ஆடி மாதத்தில் மருந்துக் கஞ்சி குடித்து உடலைத் தேற்றிக்கொள்ளும் வழக்கம் கேரள எல்லைக்கு இருபுறமும் இன்றும் இருக்கிறது. அந்தக் கஞ்சிக்குச் சொல்லப்படும் மருத்துவக் குணங்கள் எல்லாவற்றையும் நான் இங்கே வாதிடப் போவதில்லை. உழைப்பின் அளவையும் உணவையும் பருவத்தோடு சேர்த்தே மாற்ற வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

இதற்கு நேர்மாறான காட்சியையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். மகா சிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களைக் கையில் விசிறியோடும் “கோவிந்தா, கோபாலா” என்ற முழக்கத்தோடும் ஓடியும் நடந்தும் தரிசிக்கும் சிவாலய ஓட்டம், 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் கொண்டது. பக்தியோடு செல்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஆண்டு முழுவதும் அலுவலக நாற்காலியில் இருந்துவிட்டு அந்த ஒரு நாளில் வெறுங்காலோடு தார்ச்சாலையில் இறங்குபவர்கள், அடுத்த பத்து நாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவிக்கிறார்கள். மாசியில் ஓட்டம் என்றால் கார்த்திகையிலேயே தொடங்க வேண்டும். நடைத்தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்கு வாரத்துக்கு ஒரு முறை குறைத்து, வெறுங்கால் நடையை முதலில் மண்பாதையில் சில நிமிடங்களாகத் தொடங்கிப் பழக்கினால், கால் அந்தத் தூரத்தை அந்நியமாக எண்ணாது.

பயிற்சிக்குப் பின் தட்டில் என்ன இருக்க வேண்டும்

பயிற்சி உடலிடம் ஒரு கேள்வியைக் கேட்கிறது என்றால், அதற்கு உடல் பதில் தயாரிப்பது பயிற்சி முடிந்த பின் கிடைக்கும் உணவாலும் உறக்கத்தாலும்தான். பயிற்சியின்போது மூன்று இழப்புகள் நேர்கின்றன. தசைக்குள் சேமித்திருந்த சர்க்கரைச் சத்தான கிளைக்கோஜன் குறைகிறது. தசை நாரின் புரதம் சிதைந்து, மறுகட்டுமானத்துக்குக் காத்திருக்கிறது. வியர்வையில் தண்ணீரும் உப்பும் வெளியேறுகின்றன. இம்மூன்றுக்கும் முறையே மாவுச்சத்து, புரதம், உப்பிட்ட நீர் என்று ஈடுசெய்வதே பயிற்சிக்குப் பிந்தைய உணவின் வேலை.

புரதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் எங்கள் பகுதியில் குறைவாக உண்ணப்படுவதும் அதிகமாகப் பொய் சொல்லி விற்கப்படுவதும் அதுவே. உடலுழைப்பு அதிகமில்லாத இந்தியப் பெரியவருக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. முறையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை என்று சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் 2017இல் கூறியது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முதல் கணக்கின்படி ஏறத்தாழ 50 கிராம், இரண்டாம் கணக்கின் தொடக்க அளவில் 84 கிராம் வருகிறது. இதை ஒரே வேளையில் கொட்டுவதைவிட, வேளைக்கு 15 முதல் 20 கிராமாக மூன்று நான்கு முறை பகிர்ந்து உண்பது தசை கட்டுமானத்துக்கு ஏற்றது. அறுபது வயதைக் கடந்தவர்களின் தசை புரதத்துக்கு மந்தமாகவே இசைந்து கொடுக்கிறது; அவர்களுக்கு வேளைக்குச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். நடைமுறையிலோ வீட்டில் மீனும் முட்டையும் பிள்ளைகளுக்குப் போய்விட, பெரியவர்கள் சோற்றையும் சம்மந்தி எனும் துவையலையும் வைத்து முடித்துக்கொள்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் வழக்கம்.

இந்த 20 கிராமுக்குப் புரதப் பொடி டப்பாவைத் தேடிப் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டுப் பயறு கஞ்சியைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். 60 கிராம் புழுங்கலரிசியில் ஏறத்தாழ 4 கிராம் புரதமும் 45 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் உண்டு. 50 கிராம் சிறுபயறில் 12 கிராம் புரதம். உடன் ஒரு அவித்த முட்டை 6 கிராம். மொத்தம் 22 கிராம். முட்டை உண்ணாதவர்கள் அதே இடத்தில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையையோ ஒரு குவளைப் பாலையோ வைத்துக்கொள்ளலாம். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் கூறுகளில் ஒன்று) குறைவு, பயறில் அது மிகுதி. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலம் அரிசியில் போதிய அளவு உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால், மண்சட்டியில் சேர்த்துக் குழைய வேகவைத்த அந்தக் கஞ்சி தனி அரிசியையும் தனிப் பயறையும்விட நிறைவான உணவாகிறது. கல்லுப்புச் சேர்த்து, தேங்காய்த் துருவலைத் தூவி, சுட்ட பப்படத்தையோ காணத் (கொள்ளு) துவையலையோ தொட்டுக்கொண்டு வெதுவெதுப்பாகக் குடிக்கும்போது, தண்ணீரும் உப்பும் மாவும் புரதமும் ஒரே கிண்ணத்தில் வந்து சேர்கின்றன. பயிற்சி முடித்த உடலுக்கு வேண்டிய நான்கும் இவையே. புட்டும் பயறும் இதே கணக்கில் வரும்.

மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரவலாக்கிய இந்தக் கிழங்கு, எங்கள் இருபுறத்து மக்களின் பசியைப் பல தலைமுறையாக ஆற்றியிருக்கிறது. ஆனால் 200 கிராம் அவித்த மரச்சீனியில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து இருக்க, புரதம் 3 கிராமைத் தாண்டாது. கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தியும் மட்டும் உண்டால் தசை நிரம்பும், பழுது சரியாகாது. கூடவே நான்கைந்து சாளை (மத்தி) மீனை வைத்தால் கதை மாறிவிடும்; 100 கிராம் சாளைச் சதையில் 20 கிராமை ஒட்டிப் புரதமும், இதயத்துக்கு நல்ல ஒமேகா கொழுப்பும் உண்டு. விலையுயர்ந்த நெய்மீன் வேண்டும் என்பதே இல்லை. கிழங்கின் நச்சுத்தன்மை நீங்க அவித்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்பதை எங்கள் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். பயிற்சிக்காகத் தனியே சமைத்து உண்ணத் தொடங்கும் இளைஞர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

புரதப் பொடி விஷமன்று. பெரும்பாலும் அது பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தெளிநீரிலிருந்து எடுக்கப்படும் பால் புரதம். உணவால் ஈடுசெய்ய இயலாத சிலருக்கு அது வசதி. ஆனால் கூலி வாங்கும் இளைஞன் மாத வருமானத்தில் பெரும்பங்கை ஒரு டப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, காலையில் பால் சேர்க்காத வெறும் கட்டன் சாயாவோடு வேலைக்குப் போவதைப் பார்க்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. 2024ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளை உண்பதைத் தவிர்க்கும்படியே அறிவுறுத்துகிறது.

சாயாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துவிடுகிறேன். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தேயிலையின் துவர்ப்புச் சத்து தடுக்கிறது. கஞ்சி குடித்த கையோடு கட்டன் சாயா குடிப்பது எங்கள் ஊரில் பெரும்பாலோர் வழக்கம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதும், கஞ்சியோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ப்பதும் அந்த இழப்பைக் குறைக்கும். பெண்களுக்கு இது கூடுதல் முக்கியம்.

எவ்வளவு நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்ற கேள்வி ஒவ்வொரு மாலையும் வருகிறது. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் புரதம் போகாவிட்டால் உழைப்பு வீண் என்று முன்பு சொல்லிவந்தார்கள். இப்போது அவ்வளவு பதற்றம் வேண்டியதில்லை என்று தெளிவாகியிருக்கிறது. பயிற்சி பெற்ற தசை 24 மணி நேரத்துக்குக் குறையாமல் புரதத்தை ஏற்றுக் கட்டிக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு முன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர் நிதானமாக வீட்டுக்குப் போய் இரவு உணவையே உண்ணலாம். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சி செய்பவர் ஒரு மணி நேரத்துக்குள் உண்பது நல்லது. உண்மையில் விரைவு தேவைப்படுவது ஒரே நாளில் இரண்டு முறை உழைப்பவர்களுக்கு. கடற்கரை ஊர்களில் காலையில் ஒரு கால்பந்து ஆட்டமும் மாலையில் இன்னொன்றும் ஆடும் பிள்ளைகள், முதல் ஆட்டம் முடிந்தவுடன் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 1 கிராம் கணக்கில் மாவுச்சத்தை முதல் சில மணி நேரம் உண்டால்தான் மாலைக்குள் கிளைக்கோஜன் ஓரளவு நிரம்பும். ஏத்தன் (நேந்திரம்) பழமும் உப்பிட்ட கஞ்சித் தண்ணீரும் அதற்கு மிகப் பொருத்தம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழமும் எளிதில் செரிக்கக் கூடியது. ஆனால் சிறியது, ஒன்றிரண்டோடு நிறுத்தக் கூடாது.

இந்தக் கடலோர ஈரக்காற்றில் வியர்வை உலர்வதில்லை, வழிந்துகொண்டே இருக்கிறது. உடல் குளிர்வது குறைவு, நீரிழப்பு அதிகம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் நீரை அடுத்த சில மணி நேரத்தில் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் மளமளவென்று குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகவே போய்விடும். உப்பிட்ட மோரோ கஞ்சித் தண்ணீரோ உடலில் தங்கும். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இதில் தம் மருத்துவரின் சொல்லையே பின்பற்ற வேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் கேட்டே ஆக வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சிக்குப் பின், சில வேளை இரவு உறக்கத்திலும் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடலாம். உழைத்த தசை இன்சுலினின் உதவியில்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். அவர்கள் சட்டைப்பையில் இனிப்பு வைத்துக்கொள்வதும், புதிய பயிற்சி தொடங்கும் வாரத்தில் சர்க்கரையை அடிக்கடி பார்ப்பதும் அவசியம். அதே இயல்பு நன்மையும் செய்கிறது: சாப்பிட்ட பின் 15 நிமிடம் முற்றத்தில் நடந்தாலே உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் தணிகிறது.

பால்வெட்டு அண்ணனுக்குத் திட்டம் வகுத்தபோது நடையைச் சேர்க்கவில்லை; அது அவருக்குப் போதுமான அளவு இருந்தது. வாரம் மூன்று நாள் மாலையில், குளத்தங்கரைப் படியில் இடைவிடாமல் ஏறுவதை முதலில் 1 நிமிடமாகவும் பிறகு 2, 3 நிமிடமாகவும் கூட்டினோம். எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பி வெட்டும் முதுகுக்காக, மறுகையில் வாளியைத் தூக்கி நடப்பதைச் சேர்த்தோம். பால் எடுத்து முடித்தபின் பத்து மணிக்கு வெறும் சாயாவும் பழம்பொரியும் உண்டுவந்தவர், தூக்குப்பாத்திரத்தில் பயறு கஞ்சியும் இரண்டு முட்டையும் கொண்டுபோகத் தொடங்கினார். விடியுமுன் மூன்று மணிக்கு எழுபவர் என்பதால் இரவு எட்டரைக்கே படுக்கச் சொன்னேன். அதற்குத்தான் அவர் அதிகம் முணுமுணுத்தார். மகளுடைய பழைய பள்ளி நோட்டில் அவர் பென்சிலால் எழுதிவைத்த பத்தாம் வாரத்துப் பக்கம் என்னிடம் இருக்கிறது. தேதி, “படி 4 நிமிசம், நிக்கல”, “வாளி வலது 10 எடது 10”, “கஞ்சி, முட்ட 2, சாயா பதினொண்ணுக்கு”, “ஒறக்கம் 6 மணிக்கூர்” என்று ஐந்தாறு வரிகள். அடுத்த வாரத்துக்கான இடத்தில், வாளியை மட்டும் மாற்றுவது என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.